அரைச் சவரக் கூட்டம்

ரேடியோவுக்கு வயது ஐம்பத்து நான்கு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு சுழல் நாற்காலி போட்டு சலூன் நடத்துபவருக்கு ஊர் வைத்த பெயர் அது. கடையில் நிஜ ரேடியோ கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பேச ஆரம்பிப்பார், சாயங்காலம் இறக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். மறுநாள் காலை முதலில் வந்து உட்காருகிறவர் அந்த மீதிப் பாதியைக் கேட்டாக வேண்டும். நடுவில் நுரை போடுவது, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுவது, படிகாரக் கல்லைத் தேய்ப்பது எல்லாம் குறையில்லாமல் நடக்கும். முப்பது வருஷத்தில் ஒருவர் கன்னத்திலும் ரத்தம் வந்ததில்லை. காதில் வந்ததாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள், அதை நாம் விட்டுவிடுவோம்.

இவ்வளவு பேச்சுக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். வார்டு கூட்டம்.

அந்தப் பைத்தியம் பிடித்த கதையும் வேடிக்கையானது. இருபத்து நான்கு வயதில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க இடம் தேடி, கதவு திறந்திருந்த ஒரு கூடத்துக்குள் நுழைந்தார். உள்ளே வார்டு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அலுவலர் நிமிர்ந்து, "உங்களுக்கு என்ன கேக்கணும்?" என்றார். மழை விடுகிற வரைக்கும் ஏதாவது கேட்டு வைக்க வேண்டுமே என்று, "கடை வாசல்ல சாக்கடை அடைச்சிருக்கு சார், ஏன் அடைச்சிருக்கு?" என்று கேட்டார். மூன்றாம் நாள் இரண்டு பேர் நீளக் கம்பியோடு வந்து சாக்கடையைத் திறந்துவிட்டுப் போனார்கள். ரேடியோ அந்தக் கறுப்புத் தண்ணீர் ஓடுவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கேட்டேன். திறந்துட்டாங்க" என்று அன்று வீட்டில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். அப்போது புதுப் பெண்ணாக வந்திருந்த அவர் மனைவி, நல்ல இடத்தில்தான் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அன்றைக்கே புரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மகள் பிறந்த அன்றுகூட, தெருவிளக்கைப் பற்றிய கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கி, அதற்குத் துணைக் கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அந்தத் துணைக் கேள்வியை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

கூட்டத்தின் சட்டம் எளிமையானது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டில் குடியிருக்கும் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம், அலுவலர் பதில் சொல்லியே தீர வேண்டும். அங்கே கை தூக்கி எடுத்த முடிவை அலுவலகம் மாற்ற முடியாது. ஒரே நிபந்தனை, ஆரம்பத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனாலும் அன்றைய கூட்டம் செல்லாது. தொடர்ந்து மூன்று கூட்டம் செல்லாமல் போனால் வார்டுக்குக் கூட்டமே கிடையாது. எல்லா முடிவையும் மேலே இருக்கிற அலுவலகமே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு கூட்டம் ஏற்கெனவே போய்விட்டது. முதலாவதற்கு ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு நான்கு பேரும் ஒரு நாயும். நாயும் இந்த வார்டில்தான் குடியிருக்கிறது என்று ரேடியோ வாதாடிப் பார்த்தார். அலுவலர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வார்டுக்கு இந்தக் கதி போன வருஷமே வந்துவிட்டது. மேல் அலுவலகத்தார் அங்கே பஸ் நிறுத்தத்தை ஒரு மதில் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் முதலில் சுவரில் முட்டிக்கொள்கிறார். ஏன் என்று எழுதிக் கேட்டால் முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு வருகிறது, பதில் வருவதில்லை. "நாடு சுதந்திரமா இருக்குன்னா மேல யாரோ உக்காந்து பாத்துக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்" என்பார் ரேடியோ, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "மேல யாரும் இல்லீங்க. நாம போயி உக்காந்தாத்தான் உண்டு. சும்மா உக்கார்றதுதான் வேலையே. அதுக்குக்கூட வலிக்குதுன்னா என்ன பண்றது?"

நாற்காலியில் இருப்பவர் "ம்" என்பார்.

இந்த "ம்" விஷயத்தில்தான் ரேடியோ ஏமாந்தார். தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போது மனிதன் வேறு என்ன சொல்வான்? ரேடியோவோ ஒவ்வொரு "ம்"மையும் சத்தியம் என்று எடுத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி வைத்தார். போன கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். நான்கு பேரும் நாயும் வந்த பிறகு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நாய்கூட எழுந்து போய்விட்டது.

மூன்றாவது கூட்டத்துக்கு முதல் நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பறையில் இருக்கிறவள், வலியோடு வருகிற முகத்தைப் பார்த்தாலே எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள்.

"நாளைக்குக் கூட்டம் நடக்கலைன்னா என்ன ஆயிடும்? ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்க, அவ்வளவுதானே?"

"உனக்குப் புரியல. நான் ஒரு தடவை கேட்டேன், சாக்கடைய திறந்தாங்க. இனிமே இந்த வார்டுல பொறக்கற ஒருத்தனும் அப்படிக் கேக்க முடியாது. எங்க கண்ணு முன்னாடியே போயிடுச்சுன்னா நாங்கெல்லாம் எதுக்கு இருந்தோம்?"

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். பேச்சு நின்றுபோன புருஷனை அவள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை, அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

யோசனை விடியற்காலையில் வந்தது. முட்டாள்தனமான யோசனை என்று அவருக்கே தெரியும். அதனாலேயே மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை சலூனுக்குத் தேர்க் கூட்டம் என்று சொல்லலாம். எட்டரை மணிக்கு முட்டை வேன்காரர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ நுரை போட்டார், இடது கன்னத்தை வழவழவென்று இழைத்தார், பிறகு கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வலது பக்கம்?" என்றார் முட்டை வேன்காரர்.

"அது பத்து மணிக் கூட்டம் முடிஞ்சதும். பக்கத்து ஸ்கூல்லதான். போய் உக்காருங்க, வந்துடறேன்."

"என்னய்யா வெளையாடறே?"

"இல்லீங்க. முழுக்க ஷேவ் பண்ணினா நீங்க நேரா வீட்டுக்குப் போயிடுவீங்க. முப்பது வருஷமா பாக்கறேன்."

இரண்டாவது நாற்காலியில் மச்சினன் வேலை செய்துகொண்டிருந்தான். "மாமா, ஒதைப்பாங்க மாமா" என்று முணுமுணுத்தான். இருந்தாலும் அக்காள் புருஷன் சொல்லைத் தட்டாமல் அவனும் பாதிப் பாதியாக இழைத்துத் தள்ளினான். ஒன்பதே முக்காலுக்குள் பதினோரு அரை முகம் தயார். அதில் இரண்டு பேர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மீதி ஒன்பது பேருக்கு அந்தக் கோலத்தில் தெருவில் நடக்கத் துணிச்சல் இல்லை. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டருக்கு மீசையிலேயே பாதிதான் மிச்சம் இருந்தது. முப்பது வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய மனிதர், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் ஓடினார்.

கூட்டத்துக்குக் கொடுத்திருந்தது மழலையர் வகுப்பறை. பெஞ்சுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒன்பது ஆண்களும் முழங்காலை மோவாயில் முட்டக் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்த வாத்துப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். செய்தி பரவி, இந்தக் கண்காட்சியைப் பார்க்க மூன்று பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி முட்டை வேன்காரரின் மனைவி, புருஷனைப் பார்த்துவிட்டுச் சிரித்ததில் விக்கல் பிடித்துக்கொண்டது. ரேடியோவின் மனைவியும் வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "அடி விழுந்தா தூக்கிட்டுப் போக ஆள் வேணும்ல" என்றாள்.

ஒன்பது அரை முகம், மூன்று பெண்கள், மனைவி, மச்சினன், ரேடியோ. சரியாகப் பதினைந்து. ரேடியோ விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார், உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

அலுவலர் வந்தார். கூட்டம் இருக்காது என்று நம்பி மதியத்துக்கு வேறு எங்கோ வாக்குக் கொடுத்திருந்தவர். பதினைந்து தலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பிறகு உற்றுப் பார்த்தார். ஒன்பது முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"விதி ஏழு" என்றார். "எல்லாரும் சொந்த விருப்பத்துலதானே வந்திருக்கீங்க?"

டிரில் மாஸ்டர் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். அந்த அரை மீசையைப் பார்த்து அலுவலர் ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல சார்" என்றார் மாஸ்டர். "எங்கள புடிச்சு வச்சிருக்காரு."

"அப்படின்னா இந்த ஒன்பது பேரையும் கணக்குல எடுக்க முடியாது. விதிப்படி பத்தரை மணி வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் பூட்டிடுவேன்."

சுதந்திரம், சுதந்திரம் என்று முப்பது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசிவிட்டு, ஒன்பது பேரைக் கத்தியைக் காட்டிப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சினனைப் பார்த்து, "தண்ணி கொண்டா" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னோடது. எல்லாருக்கும் முடிச்சு விட்டுடறேன். அவங்கவங்க போலாம்" என்றார்.

வராந்தாவில் வாளியும் நுரைக் கிண்ணமும் வந்தன. முட்டை வேன்காரர்தான் முதல். ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் இழைத்தார். அந்த அமைதி எல்லாரையும் என்னவோ செய்தது. "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று முட்டை வேன்காரரே கேட்டார். ரேடியோ தலையை மட்டும் ஆட்டினார்.

முகம் முழுசானதும் முட்டை வேன்காரர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "சரி, நான் கெளம்பறேன்" என்றார்.

அரை முகத்தோடு வரிசையில் நின்ற பேக்கரிக்காரர், "போ போ" என்றார். "நீ போனதும் என் கடை முன்னாடி இருக்கிற வேகத்தடைய இன்னும் ரெண்டு இஞ்ச் உசத்தச் சொல்லிக் கேக்கப் போறேன்."

முட்டை வேன்காரர் அப்படியே நின்றார். அந்த வேகத்தடையில் ஏறி இறங்கும்போது நாள் ஒன்றுக்கு அவருக்கு ஒரு டஜன் முட்டையாவது உடைகிறது. பேக்கரிக்காரருக்கோ, வண்டிகள் அங்கே மெதுவாகப் போனால்தான் ரொட்டி வாசனை உள்ளே இருப்பவர்கள் மூக்கில் ஏறும்.

"யாரைக் கேட்டு உசத்துவே?"

"கூட்டத்தைக் கேட்டு. நீதான் இருக்க மாட்டியே."

முட்டை வேன்காரர் திரும்பி வகுப்பறைக்குள் போய், வாத்துக்குக் கீழே தொப்பென்று உட்கார்ந்தார். "இவன் வீட்டுக்குப் போற வரைக்கும் நான் நகர மாட்டேன்." பேக்கரிக்காரரும் முகம் முடிந்ததும் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். வேகத்தடையே கூடாது என்று ஒருவர், பள்ளிக்கூட வாசலில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பெண், குழாய்த் தண்ணீரைப் பேசாமல் ரொட்டியையும் முட்டையையும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று இன்னொருத்தி. முகம் முடிந்து எழுந்தவர் ஒவ்வொருவரும் வாசல்படி வரைக்கும் போனார், உள்ளே கேட்ட ஏதோ ஒரு வாக்கியம் பொறுக்காமல் திரும்பி வந்தார். உயரமான தபால்காரர் ஒருவர் மட்டும் நிஜமாகவே வீட்டுக்குப் போய்விட்டார்.

கடைசியாக மாஸ்டர். பாதி மீசையை வைத்துக்கொள்ள முடியாது, மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. கண்ணாடியில் பார்த்தார். யாரோ ஒரு பெரிய குழந்தை அவரையே பார்த்தது. நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பத்து இருபத்தெட்டு. பதினான்கு பேர். அலுவலர் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரேடியோ ஈரக் கத்தியோடு கதவருகே நின்றார், வெளியே போய் யாரையாவது இழுத்து வரலாம் என்று கால் துடித்தது, இழுத்து வந்தவர் கணக்கில்லை என்பதால் நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது வாசலில் தபால்காரர், தலைமேல் ஒரு நாற்காலியோடு வந்தார்.

"அந்த பெஞ்சுல உக்காந்து முட்டி போயிடுச்சுய்யா. அதான் வீட்லேருந்து சேர் கொண்டாந்தேன். ஆரம்பிச்சிட்டீங்களா? குழாய் விஷயம் நான்தான் முதல்ல சொல்லுவேன்."

"சொந்த விருப்பத்துல வந்தீங்களா?" என்று அலுவலர் கேட்டார்.

"சேரைச் சுமந்துகிட்டு வர்றவன வேற யாராவது புடிச்சுத் தள்ளுவாங்களா சார்?"

அலுவலர் சாவியை உள்ளே வைத்தார், பேனாவை எடுத்தார்.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. எல்லாரும் எல்லாரையும் திட்டினார்கள். வேகத்தடை பள்ளிக்கூட வாசலுக்கு இடம் மாறியது. குழாய்க்கு ஒரு தேதி கிடைத்தது. ரேடியோ எதுவும் கேட்கவில்லை. கூட்டம் உயிரோடு இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. இன்னும் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாஸ்டர் எழுந்தார். மீசையில்லாத வாயால் தெளிவாகச் சொன்னார்: "இந்த வார்டுல எந்தச் சவரமும் பாதியில நிக்கக் கூடாது. அது ஒண்ணு. கையில கத்தி இருக்கும்போது சலூன்காரர் பேசக் கூடாது. அது ரெண்டு. எத்தனை வருஷமா பொறுத்துக்கறது? தீர்மானம் கொண்டு வர்றேன்."

கூடம் கலகலத்தது. சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டுக் கிடையாது. ஆதரவாகக் கைகள் எழுந்தன. அலுவலர் எண்ணினார், பன்னிரண்டு. எதிராக மச்சினன் ஒருவன். பெஞ்சில் ஒருவர் தூங்கிவிட்டார், தூங்கினாலும் அவர் வந்த கணக்கில் உண்டு. அந்தப் பன்னிரண்டில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்ற கை ரேடியோவின் மனைவியுடையது.

மச்சினன் ரேடியோவின் காதருகே குனிந்தான். "மாமா, பேசாம எந்திரிச்சு வெளிய போயிடுங்க. பதினாலு ஆயிடும். தீர்மானம் செல்லாது."

உண்மைதான். அந்த வாசல்படியைத் தாண்டினால் போதும். முப்பது வருஷப் பேச்சு மிஞ்சும். வேகத்தடை போகும், குழாய் போகும், கூட்டமும் போகும். ரேடியோவின் இடுப்பு ஓர் அங்குலம் எழும்பியது. பலகை இடுக்கில் வேட்டி மாட்டியிருந்த அந்த மழலைப் பெஞ்சு இடுப்போடு சேர்ந்து கூடவே எழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சில்லாமல் ஒரு நாள் முழுக்க அந்தக் கடையில் நிற்பதை நினைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது, அழுகைகூட வந்தது. இருந்தும் பெஞ்சோடு சேர்ந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க சார்" என்றார். "பதினஞ்சு பேர் இருக்கோம்."

அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் வீட்டுக்குப் போனார்கள். கதவைச் சாத்தியதும் ரேடியோ, "எனக்கு எதிரா கை தூக்கினியே" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க, யாருக்கும் பயப்படாம மனசுல பட்டதுக்குக் கை தூக்கணும்னு" என்றாள் மனைவி. "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அந்தக் கூட்டம் எனக்குப் புடிச்சுது."

ரேடியோவுக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை கடை திறந்தது. கத்தி கையில் இருந்த வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தீர்மானம் கத்தியைப் பற்றித்தானே? இரண்டு இழை இழைத்துவிட்டு ரேடியோ கத்தியைக் கீழே வைத்தார், ஒரு வாக்கியம் பேசினார், கத்தியை எடுத்தார், இரண்டு இழைத்தார், வைத்தார், அடுத்த வாக்கியம். பத்து நிமிஷச் சவரம் முக்கால் மணி நேரம் ஆனது. நுரை காய்ந்து முகத்தில் பொருக்குத் தட்டியது.

"இது அநியாயம்" என்றார் பேக்கரிக்காரர், வாயோரம் நுரையோடு.

கத்தி கீழே போனது. "சட்டப்படிதாங்க இருக்கேன்." கத்தி மேலே வந்தது.

"அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டு வர்றேன், பாரு."

இதையே மாஸ்டரும் சொன்னார், தபால்காரரும் சொன்னார், அந்த மூன்று மாதத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். ரேடியோ யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பட்டியலும் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் பத்து நிமிஷம் முன்னதாகவே போனார். மழலையர் வகுப்பறையில் எள் போட்டால் விழ இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுகூட ஆட்கள் நின்றார்கள், பாதிப் பேர் கையில் திருத்தம் எழுதிய தாள் இருந்தது. உட்கார எங்கும் இடம் கிடைக்காமல், ரேடியோ சுவரோரமாக வாத்துப் படத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலுவலர் தலைகளை எண்ண ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார்.